மங்காவும் அனிமேயும்: யப்பானியப் பிள்ளைகளுக்காக எழுதியதை உலகம் வாங்கியது எப்படி?

பாரிஸ், ரொறன்ரோ, லண்டன், சூரிச், ஒஸ்லோ என்று நாம் எங்கு வாழ்ந்தாலும், வீட்டில் பத்து வயதைக் கடந்த பிள்ளை இருந்தால் சில யப்பானியப் பெயர்கள் அடிபடாமல் இருப்பதில்லை. நருட்டோ, வன் பீஸ், டீமன் ஸ்லேயர் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். பின்பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டிய கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கும். "கார்ட்டூன் பார்க்கிற வயதா இது?" என்று அம்மா கேட்பார். பிள்ளை பதில் சொல்லாது.

யப்பானியச் சித்திரக்கதையும் அசைபடமும் எப்படி வளர்ந்தன, அந்த நாட்டில் அவற்றுக்கு என்ன இடம், மற்ற நாடுகளுக்கு அவை எப்படிப் போயின, அந்த வியாபாரத்தில் பணம் யாருக்குப் போகிறது என்பவற்றைப் பெற்றோருக்காகத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். படித்துக்கொண்டு போகும்போது ஒன்று தெளிவாகும். இவை ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தம் நாட்டுப் பிள்ளைகளுக்காக, தம் மொழியில், குறைந்த விலையில் அவர்கள் செய்ததைத்தான் பின்னர் உலகம் தேடி வாங்கியது.

சொற்களின் பொருள்

மங்கா என்பது யப்பானியச் சித்திரக்கதை. சொல் பழையது. புகழ்பெற்ற ஓவியர் ஹொக்குசாய் தம் கோட்டோவியத் தொகுப்பின் முதல் பாகத்தை 1814 இல் "ஹொக்குசாய் மங்கா" என்ற பெயரிலேயே வெளியிட்டார். இன்றைய கதைப்புத்தகங்கள் அதன் நேரடி வாரிசுகள் அல்ல. பெயர் மட்டும் தொடர்கிறது. அனிமே என்பது அனிமேஷன் என்ற ஆங்கிலச் சொல்லை யப்பானியர் சுருக்கிக்கொண்ட வடிவம். யப்பானில் எந்த நாட்டு அசைபடமும் அனிமேதான். வெளிநாட்டில்தான் அது யப்பானிய அசைபடத்தை மட்டும் குறிக்கும் சொல்லாயிற்று.

மங்கா வாசகரின் வயதையும் பாலையும் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. ஷோனென் பையன்களுக்கானது, ஷோஜோ சிறுமியருக்கானது, செய்னென் வளர்ந்த ஆண்களுக்கானது, ஜோசெய் வளர்ந்த பெண்களுக்கானது. ஐரோப்பியப் புத்தகக் கடைகளிலும் இப்பெயர்களைக் காணலாம். பெற்றோர் இந்த நான்கு சொற்களையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

போருக்குப் பின் மலிவுப் புத்தகம்

1945 இல் யப்பான் தோற்றது. நகரங்கள் எரிந்திருந்தன, கடதாசிக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு. அந்தக் காலத்தில் ஒசாகா நகரின் சிறு பதிப்பாளர்கள் மலிவுக் கடதாசியில் சிவப்பு மை தூக்கலாகத் தெரியும் அட்டை போட்ட சித்திரக்கதைகளை அச்சிட்டு விற்றார்கள். அவற்றுக்குச் சிவப்புப் புத்தகங்கள் என்றே பெயர். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு வாடகைக்குப் புத்தகம் தரும் கடைகளும் இருந்தன.

ஒசாமு தெசூகா என்ற மருத்துவ மாணவர் வரைந்த "புதிய புதையல் தீவு" 1947 இல் இப்படித்தான் வந்தது. 4 இலட்சம் பிரதிகள் வரை விற்றதாகச் சொல்லப்படுகிறது. காட்சிகளைத் திரைப்படத்தில் போல அருகிலும் தொலைவிலும் வைத்து, ஓடும் வாகனத்தின் வேகத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டிய அவரது முறை ஒரு தலைமுறையையே வரையத் தூண்டியது. தெசூகா மருத்துவப் படிப்பை முடித்தார், ஆனால் மருத்துவராகத் தொழில் செய்யவில்லை. 1989 இல் அவர் காலமானபோது யப்பானியர் அவரை மங்காவின் கடவுள் என்றே அழைத்தார்கள்.

1959 மார்ச் 17 அன்று ஷோனென் மகசின், ஷோனென் சண்டே என்ற இரண்டு வாரச் சஞ்சிகைகள் ஒரே நாளில் தொடங்கின. 1968 இல் ஷோனென் ஜம்ப் வந்தது. இவற்றின் வியாபார முறை எளிமையானது. தொலைபேசி விபரக்கொத்துப் போலத் தடித்த சஞ்சிகை, மலிவான கடதாசி, ஒரே நிற மை, ஒரு கோப்பியின் விலை. புகையிரதத்தில் வாசித்து முடித்துவிட்டு எறிந்துவிடலாம். இலாபம் அங்கே இல்லை. மக்கள் விரும்பிய தொடர்களை மட்டும் நல்ல தாளில் தனிப் புத்தகமாகப் போட்டு விற்பதில்தான் இலாபம். சஞ்சிகை என்பது வாசகரிடம் காசு வாங்கிக்கொண்டே நடத்தும் ஒரு சந்தைப் பரிசோதனை.

பரிசோதனையின் முடிவைச் சொல்பவர்கள் பிள்ளைகள். ஜம்ப் இதழில் ஒரு தபாலட்டை இருக்கும். பிடித்த மூன்று கதைகளைக் குறித்து வாசகர் அனுப்புவார்கள். தொடர்ந்து பின்தங்கும் கதை, எழுதியவர் யாராக இருந்தாலும், சில மாதங்களில் நிறுத்தப்படும். இது வரைபவருக்குக் கொடுமையான முறைதான். ஆனால் எந்தக் கதை தொடர வேண்டும் என்பதை முடிவு செய்வதில் பத்து வயதுப் பிள்ளையின் குரலுக்கு இடம் இருந்தது. இந்த முறையில் ஜம்ப் 1990களின் நடுப்பகுதியில் ஒரு வாரத்துக்கு 6.53 மில்லியன் பிரதிகளை எட்டியது. அந்நாளில் ட்ரகன் போல் அதில்தான் தொடராக வந்தது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் பெரிய சித்திரக்கதை நிறுவனங்களில் நீண்டகாலமாகப் பாத்திரங்களின் உரிமை நிறுவனத்துக்கே இருந்தது. யப்பானில் பொதுவாகப் பதிப்புரிமை வரைபவரிடமே இருக்கிறது. தனிப் புத்தக விற்பனையில் பத்து வீதம் அளவில் உரிமத் தொகை கிடைக்கிறது. வன் பீஸ் 1997 இல் தொடங்கியது. இன்றும் அதே எய்ச்சிரோ ஒதாதான் வரைகிறார். உலகெங்கும் 500 மில்லியனுக்கு மேல் பிரதிகள் அச்சாகிவிட்டன.

மங்கா சிறுவருக்கு மட்டும் என்ற எண்ணமும் அங்கே இல்லை. மச்சிக்கோ ஹசெகாவா என்ற பெண் 1946 இல் ஒரு பத்திரிகையில் வரையத் தொடங்கிய குடும்பக் கதை "சசாயே-சான்". அதன் அசைபட வடிவம் 1969 ஒக்டோபரிலிருந்து ஞாயிறு மாலைகளில் இன்றுவரை ஒளிபரப்பாகிறது. உலகிலேயே மிக நீண்டகாலம் ஓடும் அசைபடத் தொடர் என்று கின்னஸ் பதிவும் உண்டு. அது முடியும்போது "நாளை வேலைக்குப் போகவேண்டும்" என்று வரும் மனச்சோர்வுக்கு யப்பானியர் சசாயே-சான் நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சமையல், மருத்துவம், சதுரங்கம், கைப்பந்து, வங்கி, வரலாறு என்று மங்கா தொடாத துறை குறைவு.

2024 இல் யப்பானுக்குள் மட்டும் மங்கா விற்பனை 700 பில்லியன் யென்னைக் கடந்தது. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு கைத்தொலைபேசியிலும் கணினியிலும் வாசிப்பவர்களால் வந்தது. அச்சுச் சஞ்சிகைகள் சுருங்கிவிட்டன. ஜம்ப்பின் அச்சுப் பிரதிகளும் ஒரு மில்லியன் அளவுக்கு இறங்கிவிட்டன. வாசிப்பு மட்டும் சுருங்கவில்லை.

நட்டத்தில் தொடங்கிய தொலைக்காட்சி

அசைபடம் செலவு கூடிய தொழில். தோயெய் நிறுவனம் 1958 இல் யப்பானின் முதலாவது முழுநீள வண்ண அசைபடமான "வெள்ளைப் பாம்பின் கதை"யை வெளியிட்டது. வாரம் ஒரு அரைமணி நேர அத்தியாயம் செய்வது இயலாத காரியம் என்றே அன்று நினைத்தார்கள். தெசூகா அதைச் செய்தார். அவரது "அதோம்" என்ற இயந்திரச் சிறுவன், ஆங்கிலத்தில் அஸ்ரோ போய், 1963 ஜனவரி 1 அன்று பூஜி தொலைக்காட்சியில் தொடங்கியது.

அவர் கண்ட வழி சிக்கனம். செக்கனுக்கு 24 படங்களுக்குப் பதிலாக எட்டு அல்லது அதிலும் குறைவான படங்கள். வாய் மட்டும் அசையும், உடல் அசையாது. ஒருமுறை வரைந்த காட்சியை மறுபடி பயன்படுத்துவார்கள். இவ்வளவு சிக்கனத்துக்குப் பிறகும் தொலைக்காட்சிக்கு அவர் விற்ற விலை தயாரிப்புச் செலவிலும் குறைவு. பள்ளத்தை நிரப்பியது வேறு வருமானம். அனுசரணை வழங்கிய மெய்ஜி இனிப்பு நிறுவனம் சொக்கலேட்டுடன் அதோம் ஒட்டுப்படங்களைச் சேர்த்து விற்றது. அதே ஆண்டு செப்ரெம்பரில் தொடர் அமெரிக்காவிலும் ஒளிபரப்பாகத் தொடங்கியது.

ஒரு கணக்காளனின் கண்ணுக்கு, பின்னர் வந்த எல்லாமே இந்த முதல் கணக்கேட்டிலேயே தெரிகிறது. படம் நட்டத்தில் போகும். பொம்மையும் இனிப்பும் வெளிநாட்டு விற்பனையும் அதை ஈடுசெய்யும் என்பதே ஏற்பாடு. இலாபம் வரும் இடம் வேறு, வேலை நடக்கும் இடம் வேறு. தெசூகாவின் முஷி நிறுவனம் 1973 இல் வங்குரோத்தானது. அந்த விலையும் அந்த முறையும் தொழிலில் நிலைத்துவிட்டன.

1979 இல் வந்த "கன்டம்" என்ற இயந்திர வீரர் தொடர் இன்னொரு எடுத்துக்காட்டு. அனுசரணை வழங்கிய நிறுவனத்தின் பொம்மைகள் விற்கவில்லை. எனவே தொடர் திட்டமிட்டதற்கு முன்பே முடிக்கப்பட்டது. 1980 இல் பண்டாய் நிறுவனம் அதே இயந்திரங்களைப் பொருத்திச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரிகளாக வெளியிட்டபோது கடைகளில் வரிசை நின்றது. அந்த மாதிரிகள் இன்றும் விற்பனையாகின்றன.

பெயர் மாறி வந்த பிள்ளைகள்

ஐரோப்பாவுக்கு அனிமே வந்தபோது அது யப்பானிலிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. சுவிஸ் மலைச் சிறுமி ஹெய்டியின் கதையை இசாவோ தகஹாத்தா, ஹயாவோ மியசாகி ஆகியோர் அடங்கிய குழு 1974 இல் தொடராக்கியது. படப்பிடிப்புக் குழுவைப் போலவே அவர்கள் முன்கூட்டி சுவிற்சர்லாந்து சென்று மலையையும் வீட்டையும் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். ஸ்பெயின், ஜேர்மனி, இத்தாலி எங்கும் ஹெய்டி ஓடினாள். தேனீ மாயாவும் வைக்கிங் சிறுவன் விக்கியும் ஜேர்மன் தொலைக்காட்சியில் வந்தவை. இரண்டும் யப்பானிய ஓவியர் கையால் ஆனவை. எண்பதுகளில் ஜேர்மனிக்கும் சுவிசுக்கும் வந்து, தொலைக்காட்சியைப் பார்த்து ஜேர்மன் மொழி பழகிய எம்மவர் பலர் தெரியாமலே அனிமே பார்த்தவர்கள்தான்.

1978 யூலையில் பிரான்சில் "கோல்டொராக்" வந்தது. யப்பானில் கிரெண்டைசர் என்ற பெயரில் ஓடிய அந்த இயந்திர வீரன் பிரெஞ்சுப் பிள்ளைகளைப் பைத்தியமாக்கினான். சொந்தக் கிரகம் அழிக்கப்பட்டு, பூமியில் அடைக்கலம் புகுந்து, பெயரை மறைத்துப் பண்ணையில் வேலை செய்யும் ஓர் இளவரசன்தான் அதன் நாயகன். லெபனானில் அரபு மொழிக் குரல் சேர்க்கப்பட்டு மத்திய கிழக்கிலும் அது புகழ்பெற்றது. அந்நாட்களில் லெபனான் உள்நாட்டுப் போரில் இருந்தது.

பரவலுக்குக் காரணம் ரசனை மட்டுமல்ல. 1976 இல் இத்தாலியில் உள்ளூர்த் தனியார் ஒளிபரப்புக்கு வழி திறந்தது. 1984 இலிருந்து ஜேர்மனியில் தனியார் அலைவரிசைகள் வந்தன. 1987 இல் பிரான்சின் முதலாம் அலைவரிசை தனியாரிடம் போனது. எல்லோருக்கும் நேரத்தை நிரப்ப மலிவான நிகழ்ச்சி வேண்டியிருந்தது. செலவின் பெரும்பகுதியைச் சொந்த நாட்டிலேயே மீட்டிருந்த யப்பானியத் தொடர்களைக் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. நூற்றுக்கணக்கான அத்தியாயங்களும் தயாராக இருந்தன.

மலிவாக வாங்கியவர்கள் கவனமில்லாமலும் ஒளிபரப்பினார்கள். பிரான்சின் "கிளப் டொரொத்தே" 1987 முதல் 1997 வரை ஓடிய சிறுவர் நிகழ்ச்சி. ட்ரகன் போல் அதில்தான் வந்தது. சற்று வளர்ந்த பையன்களுக்கான, இரத்தம் தெறிக்கும் "ஹொக்குத்தோ நோ கென்" தொடரையும் சிறு பிள்ளைகளின் நேரத்தில் போட்டார்கள். குரல் கொடுத்த நடிகர்களே அதை விரும்பாமல் வசனங்களைக் கேலியாக மாற்றிப் பேசினார்கள். அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த செகொலேன் றொயால் 1989 இல் தொலைக்காட்சியும் பிள்ளைகளும் பற்றி எழுதிய நூலில் யப்பானியத் தொடர்களைக் கடுமையாகத் தாக்கினார். வயதுப் பிரிவைக் கவனிக்காமல் போட்டவர்களின் தவறு, படைத்தவர்களின் தலையில் விழுந்தது.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கையில் காசு வந்ததும் புத்தகம் தேடினார்கள். கிளெனா பதிப்பகம் 1990 இல் "அக்கிரா"வையும் 1993 இல் ட்ரகன் போலையும் பிரெஞ்சில் வெளியிட்டது. ஜேர்மனியில் கார்ல்சன் பதிப்பகம் 1997 இல் ட்ரகன் போலை யப்பானில் போலவே வலமிருந்து இடமாக வாசிக்கும்படி அச்சிட்டது. அதுவரை பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சிடுவதே வழக்கம். அப்படித் திருப்பினால் பாத்திரங்கள் எல்லோரும் இடக்கைக்காரர் ஆகிவிடுவார்கள். யப்பானியத் தரப்பு அதை விரும்பவில்லை. பிள்ளைகள் இரண்டு நாளில் புதிய வாசிப்பு முறைக்குப் பழகிக்கொண்டார்கள். திருப்பாமல் அச்சிட்டால் செலவும் குறைவு.

இன்று யப்பானுக்கு வெளியே மிகப் பெரிய மங்கா சந்தைகளில் ஒன்று பிரான்ஸ். 2021 இல் அங்கே சுமார் 47 மில்லியன் மங்கா புத்தகங்கள் விற்றன. அவ்வாண்டு விற்ற சித்திரக்கதைகளில் பாதிக்கு மேல் மங்கா. அதே ஆண்டு 18 வயதானவர்களுக்குக் கலாசாரச் செலவுக்கென அரசு 300 யூரோ வழங்கியது. இளையோர் அதில் மங்கா வாங்கிக் குவித்ததால் மக்கள் அதற்கு "மங்கா அட்டை" என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

திருட்டுப் பிரதியும் நேர்மையான வியாபாரமும்

தொலைக்காட்சி போடாத தொடர்களை ரசிகர்களே மொழிபெயர்த்தார்கள். எண்பதுகளில் வீடியோ நாடாவில் எழுத்துப் போட்டு அஞ்சலில் அனுப்பினார்கள். பின்னர் இணையத்தில் ஏற்றினார்கள். சட்டப்படி இது திருட்டு. ஆனால் எந்த நாட்டில் எந்தக் கதைக்கு வாசகர் இருக்கிறார்கள் என்பதை இலவசமாகக் காட்டிக் கொடுத்ததும் இதுதான்.

வியட்நாமில் கிம் டொங் பதிப்பகம் 1992 இல் டோரேமொன் கதைகளை உரிமம் இல்லாமல் வெளியிடத் தொடங்கியது. விற்பனை அமோகம். பின்னர் உரிமத் தொகை கொடுக்க முன்வந்தபோது, அதை வரைந்த பூஜிக்கோ எப். பூஜியோ அந்தப் பணத்தைக் கொண்டு வியட்நாமியப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் நிதியம் அமைக்கச் செய்தார். 1996 இல் அவரே அங்கு சென்றார். அதே ஆண்டு காலமானார்.

எல்லோரும் அவ்வளவு தாராளம் இல்லை. யப்பானிலேயே "மங்காமுரா" என்ற திருட்டுத் தளம் 2018 ஏப்ரலில் மூடப்படும் முன் மூன்று இலட்சம் மில்லியன் யென்னுக்கு மேற்பட்ட நட்டத்தை ஏற்படுத்தியதாக உரிமைப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டது. வழக்குப் போடுவதால் மட்டும் இதற்கு முடிவு வராது என்று பதிப்பாளர் புரிந்துகொண்டார்கள். ஜம்ப்பை வெளியிடும் ஷுயெய்ஷா 2019 இல் புதிய அத்தியாயங்களை யப்பானில் வெளியாகும் நாளிலேயே ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வாசிக்க வழி செய்தது. அசைபடத்தில் க்ரஞ்சிரோலின் வரலாறு இன்னும் விசித்திரம். 2006 இல் ரசிகர்கள் உரிமமின்றி ஏற்றிய படங்களுடன் தொடங்கிய தளம் அது. 2009 இல் நருட்டோ தொடருக்கு உரிமம் பெற்றுச் சட்டப்படியான நிறுவனமாயிற்று. 2021 இல் சொனி குழுமம் அதை 1.175 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

யப்பானிய அரசு இந்த வளர்ச்சியில் பின்னால் வந்து சேர்ந்தது. வெளியுறவு அமைச்சு 2008 இல் டோரேமொனை அசைபடத் தூதராக அறிவித்தது. 2013 இல் யப்பானியக் கலாசாரத்தை வெளிநாட்டில் பரப்ப அரசும் தனியாரும் சேர்ந்து தொடங்கிய "கூல் ஜப்பான்" நிதியம் பெரும் நட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. மக்கள் ஏற்கெனவே விரும்பியதை வளர்க்க முடிந்ததே தவிர, விருப்பத்தை அரசால் உருவாக்க முடியவில்லை.

ஐந்தொகை சொல்வது என்ன?

யப்பானிய அசைபடத் தயாரிப்பாளர் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையின்படி, 2023 இல் அனிமே சார்ந்த மொத்தச் சந்தை சுமார் 3.35 ரில்லியன் யென். அதில் 1.72 ரில்லியன், அதாவது பாதிக்கு மேல், வெளிநாட்டிலிருந்து வந்தது. வெளிநாட்டுப் பங்கு உள்நாட்டைத் தாண்டியது முதன்முறையாக 2020 இல்.

இந்த எண்ணைக் கவனமாக வாசிக்க வேண்டும். இது மக்கள் செலவழித்த தொகை: திரையரங்குச் சீட்டு, இணையச் சந்தா, பொம்மை, உடுப்பு, இசை எல்லாம் சேர்ந்தது. யப்பானுக்குள் வந்து சேர்ந்த பணம் அல்ல. அதே ஆண்டு அசைபடம் செய்யும் நிறுவனங்களின் வருமானம் எல்லாம் சேர்த்து சுமார் 427 பில்லியன் யென். மக்கள் செலவழிக்கும் 100 யென்னில் 13 யென் அளவுதான் படத்தைச் செய்யும் நிறுவனங்களுக்குப் போகிறது.

காரணம், தயாரிப்புக் குழு என்ற ஏற்பாடு. பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மை நிறுவனம், இசை நிறுவனம், விளம்பர நிறுவனம் சேர்ந்து முதல் போடுவார்கள். நட்டம் வந்தால் பகிர்ந்துகொள்வார்கள். இலாபமும் போட்ட முதலின் வீதப்படி பிரியும். படத்தைச் செய்யும் நிறுவனத்துக்கு முதல் போட வசதி இல்லாவிட்டால், பேசிய கூலியோடு அதன் கணக்கு முடிந்துவிடும். படம் உலகெங்கும் ஓடினாலும் மேலதிகமாக ஒன்றும் இல்லை.

அந்தக் கூலியிலும் கடைசி வரிசையில் இருப்பவர் வரையும் இளைஞர். 2015 இல் வெளியான அசைபட ஓவியர் சங்கத்தின் ஆய்வில், முதன்மைப் படங்களுக்கு இடைப்பட்ட படங்களை வரைவோரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 இலட்சம் யென் எனக் கண்டறியப்பட்டது. அன்றைய ரோக்கியோவில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு முழுநேரம் வேலை செய்தாலே அதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பலர் மாதச் சம்பளம் இல்லாமல் படத்துக்கு இவ்வளவு என்று வரைபவர்கள். வணிகமும் மனித உரிமையும் தொடர்பான ஐ.நா. செயற்குழு 2023 இல் யப்பான் சென்று வந்து, 2024 இல் கொடுத்த அறிக்கையில் இந்தத் தொழிலின் நிலைமையையும் குறிப்பிட்டது. மாதச் சம்பளமும் பயிற்சியும் கொடுத்து ஓவியர்களை வைத்திருந்த கியோட்டோ அனிமேஷன் போன்ற விதிவிலக்குகளும் உண்டு. 2019 யூலையில் ஒருவர் அங்கே தீ வைத்ததில் 36 ஊழியர்கள் இறந்தார்கள். உலகம் முழுவதிலிருந்தும் ரசிகர்கள் பணம் அனுப்பினார்கள்.

போரைப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை

எம்போன்ற குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய இரண்டு படைப்புகள் உண்டு. கெய்ஜி நக்கசாவா ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவன். தந்தை, அக்கா, தம்பி மூவரையும் அன்று இழந்தார். அந்த அனுபவத்தை "வெறுங்கால் கென்" என்ற தொடராக 1973 இல் எழுதத் தொடங்கினார். அது வெளிவந்த இடம், பெரியவர்களின் இலக்கிய இதழ் அல்ல, சிறுவர் படிக்கும் ஷோனென் ஜம்ப். குண்டு போட்டவர்களை மட்டுமல்ல, போருக்கு எதிராகப் பேசிய சொந்த மக்களைத் துரோகி என்று அடித்த யப்பானியரையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1976 இல் தொண்டர்கள் கூடி அதை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தார்கள். ஆங்கிலத்துக்குப் போன முதல் மங்காக்களில் அது ஒன்று. 2023 இல் ஹிரோஷிமா மாநகரக் கல்விச் சபை தன் சமாதானக் கல்விப் பாடநூலிலிருந்து அதை நீக்கியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஐம்பது ஆண்டுகளின் பின்னும் அக்கதை சிலருக்குச் சங்கடம் தருகிறது.

மற்றது தகஹாத்தா 1988 இல் இயக்கிய "மின்மினிகளின் கல்லறை". குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் சின்னத் தங்கையும் பசியில் சாகும் கதை. எழுத்தாளர் அக்கியுக்கி நொசாக்கா போரில் பட்டினியால் இறந்த தன் தங்கையை நினைத்து எழுதியது. பதின்ம வயதுப் பிள்ளையோடு சேர்ந்து பார்க்கலாம். பார்த்த பிறகு பிள்ளை எங்களிடம் கேள்வி கேட்கும். பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள்.

பெற்றோருக்கு

சிறு பிள்ளைகளுக்கு மியசாகியின் "என் அயலவன் தொத்தொரோ", "கீக்கியின் விநியோக சேவை" போன்ற படங்கள் எந்தத் தயக்கமுமின்றிப் பொருந்தும். மியசாகியின் "ஸ்பிரிட்டட் அவே" 2003 இலும், "சிறுவனும் கொக்கும்" 2024 இலும் ஒஸ்கார் பெற்றன. "ஹைக்யூ" ஒரு பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியின் கதை. தோல்வியைத் தாங்கப் பழக்கும். ஷோனென் கதைகளில் சண்டை உண்டு, ஆனால் நட்பும் விடாமுயற்சியும் அதிகம். "அட்டாக் ஒன் டைட்டன்", "செயின்சோ மான்", "டோக்கியோ கூல்" போன்றவற்றில் கொடூரம் அதிகம். அவை பதினாறு வயதை அண்டியவர்களுக்கு. செய்னென் என்று கண்டால் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். முழுவதையும் தடுப்பது பயன் தராது. எமது தலைமுறை "இரும்புக்கை மாயாவி"யைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்ததை மறந்துவிடக் கூடாது.

தமிழிலும் இவை வரத் தொடங்கிவிட்டன. யப்பானியரான யூகோ சாக்கோவின் முயற்சியில் இந்தியக் கலைஞர் ராம் மோகனும் சேர்ந்து 1992 இல் முடித்த இராமாயண அசைபடம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலுடன் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. 2025 செப்ரெம்பரில் டீமன் ஸ்லேயர் திரைப்படம் இந்தியாவில் தமிழிலும் வெளியானது. "சோலோ லெவலிங்" தொடருக்கும் தமிழ்க் குரல் உண்டு. நீங்கள் வாழும் நாட்டில் அந்தக் குரல் கிடைக்குமானால், தமிழ் கேட்க மறுக்கும் பிள்ளைக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

2021 இல் யப்பானுக்கு வெளியே சுமார் 38 இலட்சம் பேர் யப்பானிய மொழி கற்றதாக யப்பான் அறக்கட்டளையின் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்கள் சொன்ன முக்கிய காரணங்களில் ஒன்று அனிமேயும் மங்காவும். ஒரு மொழியைக் கற்கச் சொல்லி எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. அடுத்த அத்தியாயம் அந்த மொழியில் இருந்தது, அவ்வளவுதான்.

நாம் தமிழ்ப் பாடசாலைகளுக்கு நேரமும் பணமும் செலவழிக்கிறோம். பேச்சுப் போட்டிக்குப் பெரியவர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. அந்தப் போட்டிகள் இருக்கட்டும். அவற்றோடு ஒரு சித்திரக்கதைப் போட்டியும் வைக்கலாம். பிள்ளைகள் வரைந்த பத்துப் பக்கங்களை மலிவாக அச்சிட்டு, எந்தக் கதை தொடர வேண்டும் என்பதை மற்றப் பிள்ளைகளே ஒரு துண்டில் எழுதித் தரச் செய்யலாம். ஒரு பாடசாலையின் பிரதி எடுக்கும் இயந்திரமும் ஒரு கட்டுத் தாளும் போதும். செலவுக் கணக்கில் இது ஒரு பரிசுக் கிண்ணத்தின் விலையைத் தாண்டாது.